கேமரா மறுக்கும் கார்டும் மறுக்காத கார்டும்

அண்ணனூரில் ஸ்டூடியோ நடத்துகிறேன். பாஸ்போர்ட் படம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் எல்லாம் உண்டு. ஆனால் கடைக்கு வருகிறவர்களில் பலர் படம் எடுத்துக்கொள்ள வருவதில்லை. பழைய கேமராவையோ மெமரி கார்டையோ மேஜைமேல் வைத்து, “அண்ணே, உள்ள இருக்கறது ஒண்ணுமே வரமாட்டேங்குது, கொஞ்சம் பாருங்க” என்கிறார்கள்.

அப்படி வரும் சிக்கல்கள் இரண்டு வகை. கேமரா கார்டை ஏற்க மறுப்பது ஒன்று. ஏற்றுக்கொண்டு, பிறகு படத்தைத் தொலைப்பது இன்னொன்று. முதலாவதைப் பார்த்துத்தான் ஜனங்கள் பதறுகிறார்கள். நான் பயப்படுவது இரண்டாவதற்கு.

இங்குள்ள ரயில்வே கார் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் 2005 வாக்கில் வாங்கிய கேமராவுடன் வந்தார். மகன் புதிதாக 32 ஜிபி கார்டு வாங்கித் தந்திருக்கிறார். போட்டால் ‘கார்டு எரர்’ என்று வருகிறது. கார்டும் நல்ல கார்டு, கேமராவிலும் பழுதில்லை. எஸ்டி கார்டை 1999இல் சான்டிஸ்க், பானசோனிக், டோஷிபா மூன்றும் சேர்ந்து கொண்டுவந்தபோது, அதன் உச்சவரம்பு 2 ஜிபி என்றாயிற்று. அது போதாமல் 2006இல் எஸ்டிஹெச்சி வந்து 32 ஜிபி வரை போனது. 2009இல் எஸ்டிஎக்ஸ்சி வந்து வரம்பை 2 டிபிக்கு உயர்த்தியது. மூன்றுக்கும் நீளம், அகலம், வடிவம் ஒன்றே. குழப்பத்துக்குக் காரணம் இதுதான். புதுக் கேமரா பழைய கார்டைப் படிக்கும். பழைய கேமராவுக்குப் புதுக் கார்டின் கணக்கு தெரியாது. பழைய கார்டு ரீடருக்கும் இதே நிலைதான்.

பெரியவருக்கு வேண்டியிருந்தது 2 ஜிபி கார்டு மட்டுமே. இப்போது கடைகளில் அதைத் தேடுவது சிரமம். பழைய பட்டன் போன்களில் போட்டிருந்த 2 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு வீட்டில் எங்காவது கிடக்கும். அடாப்டரில் செருகினால் வேலை செய்யும். அந்த 5 மெகாபிக்ஸல் கேமராவுக்கு அதில் 800 படங்களுக்குமேல் எடுக்கலாம். சோனியின் மெமரி ஸ்டிக்கோ, ஒலிம்பஸும் ஃபுஜியும் 2002இல் கொண்டுவந்த எக்ஸ்டி கார்டோ வைத்திருப்பவர்கள் ரீடர் தேடி அலைய வேண்டாம். கேமராவோடு கொடுத்த யுஎஸ்பி கேபிளைக் கண்டுபிடித்து நேரே கம்ப்யூட்டரில் மாட்டினால் பெரும்பாலும் படங்கள் வந்துவிடும்.

கேமரா மறுத்தால் இழப்பு ஏதுமில்லை. படம் எடுப்பதற்கு முன்னாலேயே அது சொல்லிவிடுகிறது. மறுக்காத கார்டுதான் வம்பு.

போலிக் கார்டை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு எஸ்டி கார்டுக்குள்ளும் கண்ட்ரோலர் என்ற சிறு கணினி இருக்கிறது. கார்டின் கொள்ளளவு என்ன என்று கேமரா கேட்டால் பதில் சொல்வது அதுதான். 2013 டிசம்பரில் ஹாம்பர்க் மாநாட்டில் ஆண்ட்ரூ ஹுவாங், ஷான் கிராஸ் என்ற இரு வன்பொருள் ஆய்வாளர்கள் அந்தக் கண்ட்ரோலருக்குள் நுழைந்து, வேறு நிரலை ஓடவிடலாம் என்று செய்து காட்டினார்கள். போலி தயாரிப்பவர்களின் வழி இதுவே. உள்ளே 8 ஜிபி இருக்கும். ‘128’ என்று பொய் சொல்லப் பழக்கியிருப்பார்கள். கேமரா நம்பிவிடும், ஃபார்மேட்டும் ஆகும், மீதி ஆயிரக்கணக்கான படம் என்று திரையில் காட்டும். 8 ஜிபி தாண்டியதும் புதுப் படம் பழையதன்மேல் எழுதப்படும், அல்லது எங்குமே எழுதப்படாது. கொடுமை என்னவென்றால், ஷட்டரை அழுத்தியதும் திரையில் தெரிகிற படம் கேமராவின் தற்காலிக நினைவகத்திலிருந்து வருவது. அதில் எல்லாம் நன்றாகவே தெரியும். வீட்டுக்கு வந்து திறந்தால் மேல்பாதி மணமகள், கீழ்பாதி சாம்பல் நிறம்.

இதைப் பிடிக்க நிச்சயமான வழி, கார்டை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பார்ப்பது. ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. பெரிய கார்டு என்றால் மணிக்கணக்கில் ஓடும்; இரவில் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவேன். அந்தச் சோதனையைத் தாண்டாத எந்தக் கார்டும் என் பையில் ஏறாது, எந்தக் கம்பெனி பெயர் போட்டிருந்தாலும் சரி.

வேக விஷயத்தில் சுருக்கமாக: கார்டின் முகத்தில் பெரிதாக அச்சிட்ட 170, 200 எல்லாம் பெரும்பாலும் படிக்கும் வேகத்தின் உச்சம். வீடியோவுக்கு வேண்டியது இடைவிடாமல் எழுதும் வேகம். அதைச் சொல்வது ஓரத்தில் இருக்கும் சிறிய வி30 என்ற குறி. நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதுவேன் என்று உறுதி. குறியே இல்லாத கார்டு, கெட்டிமேளம் கொட்டும்போது திணறி, ரெக்கார்டிங் தானாக நின்றுவிடக்கூடும். பின்புறம் இரண்டு வரிசைத் தகடுள்ள யுஹெச்எஸ்-2 கார்டு விலை அதிகம். உங்கள் கேமராவில் அந்த இரண்டாவது வரிசைக்கு இணைப்பு இல்லாவிட்டால் காசு வீண். இன்னொன்று, எஸ்டிஹெச்சி கார்டில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போக முடியாது. நீளமான வீடியோவைக் கேமரா துண்டு துண்டாகச் சேமிக்கும். முதல் துண்டை மட்டும் காப்பி செய்துவிட்டு, தாலி கட்டியது பதிவாகவில்லை என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நல்ல கார்டும் தேயும். 1980களில் டோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகத்தில், மிகச் சிறிய அறைகளுக்குள் மின்னூட்டத்தை அடைத்துவைப்பதுதான் தகவல். எழுதி அழிக்கும் ஒவ்வொரு முறையும் அறையைச் சுற்றியுள்ள காப்புப் படலம் கொஞ்சம் நலிகிறது. விலை குறைய வேண்டும் என்று இப்போது ஓர் அறையில் மூன்று பிட் வைக்கிறார்கள். அதற்கு எட்டு அளவு மின்னூட்டத்தைப் பிரித்தறிய வேண்டும். தேய்ந்த அறைகளைக் கண்ட்ரோலர் ஓசைப்படாமல் ஒதுக்கி, இருப்பில் உள்ளவற்றைக் கொடுக்கும். இருப்பு தீர்ந்த அன்றுதான் நமக்குத் தெரியவரும். சும்மா வைத்திருந்தாலும் மின்னூட்டம் மெல்லக் கசியும். வெக்கையில் அது வேகம் பிடிக்கும்.

பேத்தியின் காதுகுத்துக் கார்டைப் பீரோவில் நகையோடு வைத்துப் பூட்டியிருக்கிற பாட்டிகள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: அம்மா, அதை இந்த வாரமே யாரிடமாவது கொடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள், நாலு படம் பிரிண்டும் போடுங்கள்.

‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கம்ப்யூட்டர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கார்டை வெளியே எடுத்துவிடுங்கள். அதில் இன்னொரு படம்கூட எடுக்காதீர்கள். எந்தப் படம் எங்கே என்கிற பட்டியல் கார்டின் தொடக்கத்தில் இருக்கிறது, புத்தகத்தின் பொருளடக்கம்போல. சிவப்பு விளக்கு மின்னும்போது பேட்டரியையோ கார்டையோ உருவினால் முதலில் கெடுவது அதுதான். படத்தை டிலீட் செய்தாலும் கேமராவில் சாதாரண ஃபார்மேட் கொடுத்தாலும் பெரும்பாலும் பட்டியல் மட்டுமே போகும். பக்கங்கள் அப்படியே கிடக்கும். போட்டோரெக் என்ற இலவச மென்பொருள் பட்டியலைப் பார்க்காமலே, ஜேபெக் படத்தின் தொடக்க அடையாளத்தைத் தேடித்தேடி எடுத்துத் தரும். மேலே புதிதாக எழுதப்பட்ட இடம் மட்டும் யாராலும் மீட்க முடியாதது.

கல்யாணத்தில் எனக்கு இரண்டு ஸ்லாட் உள்ள கேமராதான். நிக்கான் டி7000 மாடலில் 2010லேயே இரண்டு எஸ்டி ஸ்லாட் வந்துவிட்டது. 2018இல் நிக்கானின் இசட்6, இசட்7, கேனனின் இஓஎஸ் ஆர் மூன்றும் ஒற்றை ஸ்லாட்டோடு வந்தபோது, உலகம் முழுக்கக் கல்யாணப் போட்டோகிராபர்கள் சண்டை பிடித்தார்கள். நியாயமான சண்டை. 2020இல் வந்த அடுத்த நிக்கான் மாடல்களில் இரண்டு ஸ்லாட் வைத்தார்கள். திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலில் விடியற்காலை முகூர்த்தம் என்றால், ஒரே படம் இரண்டு கார்டிலும் விழும்படி வைத்துக்கொள்வேன். முடிந்ததும் ஒன்று என் சட்டைப் பையில், இன்னொன்று உதவிக்கு வரும் தம்பியிடம். இருவரும் ஒரே வண்டியில் திரும்ப மாட்டோம். இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏறும்வரை எந்தக் கார்டையும் ஃபார்மேட் செய்வதில்லை.

அட்வான்ஸ் கொடுக்கும்போது ஆல்பத்தின் பக்கக் கணக்கையும் ட்ரோன் உண்டா என்பதையும் கேட்கிறீர்கள். கூடவே, கேமராவில் எத்தனை ஸ்லாட், அன்றைக்கே காப்பி எடுப்பீர்களா, எடுத்த படங்களை எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள் என்றும் கேளுங்கள். ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கிக் கொடுத்து முழுப் படத்தையும் அதில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆல்பம் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.