புட்டிப்பாலின் கொழுப்பும் குழந்தையின் நோய் எதிர்ப்பாற்றலும்

சங்ககிரி வட்டாரத்திலிருந்து பிரசவத்திற்கு வரும் குடும்பத்தார் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “டி.எச்.ஏ. சேர்த்த, விலை கூடிய டப்பாப் பாலைக் கொடுத்தால் குழந்தைக்கு நோய் எதிர்ப்புச் சக்தி கூடுமா?” இதற்கு விடை கூறுமுன், இக்கொழுப்பு உடலில் ஆற்றும் பணியை விளக்க விரும்புகிறோம்.

தாய்ப்பாலில் ஏறத்தாழ 3.5 முதல் 4 விழுக்காடு கொழுப்பு உள்ளது. குழந்தை பெறும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி அதிலிருந்தே கிடைக்கிறது. அதில் டி.எச்.ஏ., அராகிடோனிக் அமிலம் என்னும் இரு கொழுப்பு அமிலங்கள் சிறிதளவு உள்ளன. இவை இரத்த வெள்ளணுக்களின் மேலுறையில் இடம்பெறுகின்றன. உடலில் கிருமி நுழைந்தால், அராகிடோனிக் அமிலத்திலிருந்து உண்டாகும் பொருள்கள் அழற்சியைத் தூண்டி, வெள்ளணுக்களை அவ்விடத்திற்கு வரவழைக்கின்றன. பின்னர் அழற்சி தணிவதற்கு டி.எச்.ஏ.விலிருந்து உண்டாகும் பொருள்கள் உதவுகின்றன.

இதனாலேயே இவற்றைப் பால்பவுடரில் சேர்க்கின்றனர். ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல் டி.எச்.ஏ.வைக் கட்டாயமாக்கியுள்ளது. ஆயினும், இதனால் சளி, ஒவ்வாமை ஆகியவை குறைகின்றனவா என்பதில் ஆய்வுகள் ஒருமித்த முடிவைத் தரவில்லை. சிலவற்றில் பயன் தெரிந்தது. சிலவற்றில் வேறுபாடு தெரியவில்லை. எனவே, விலை கூடிய டப்பா கூடுதல் எதிர்ப்பாற்றலைத் தரும் என்று எங்களால் உறுதி கூற இயலாது. தாய்ப்பாலில் உள்ள தாயின் எதிர்ப்புப் புரதங்களும் உயிருள்ள வெள்ளணுக்களும் எந்த டப்பாவிலும் இல்லை. “தாய்ப்பாலே சிறந்தது” என்று டப்பாவில் அச்சிட வேண்டும் என 1992ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமே கூறுகிறது.

எதிர்ப்புச் சக்திக்காகக் கழுதைப்பால் புகட்டுவதையும் தவிர்க்க வேண்டுகிறோம். அதில் கொழுப்பு மிகக் குறைவு. காய்ச்சாத பாலில் கிருமிகளும் இருக்கக்கூடும்.

பாலூட்டும் தாயின் உணவுக்கேற்பத் தாய்ப்பாலின் டி.எச்.ஏ. அளவு மாறும். மத்தி, அயிலை போன்ற கடல்மீன்கள் அதற்கு நல்லவை. சைவ உணவினர் ஆளிவிதை சேர்த்துக்கொள்ளலாம். எனினும் அதிலிருந்து உடல் உருவாக்கும் டி.எச்.ஏ. குறைவே.

மருத்துவர் அறிவுரைப்படி புட்டிப்பால் கொடுக்க நேரின், பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்:

• டப்பா பல நாள் வரவேண்டும் என்று கூடுதல் தண்ணீர் கலக்காதீர்கள். கொழுப்பும் சத்தும் குறைந்து குழந்தை மெலியும்.
• பவுடர் கிருமி நீக்கப்பட்டதன்று. கொதிக்கவைத்த நீர் 70 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஆறுவதற்குள் பவுடரைக் கலந்து, பின் நன்கு ஆறவைத்துப் புகட்டுங்கள்.
• புகட்டியபின் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.

குறைமாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் போதாதபோது, பிற தாய்மார் வழங்கும் பாலும் உதவும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி உள்ளது.

விலை கூடிய டப்பாவை வாங்க இயலவில்லையே என்று எந்தத் தாயும் வருந்த வேண்டாம். பால் போதவில்லை என்று தோன்றினால், கடைக்குச் செல்லுமுன் எங்களிடம் வாருங்கள். குழந்தையின் எடையைப் பார்த்து, பால் ஊட்டும் முறையைச் சரிசெய்ய உதவுகிறோம்.