கட்டடங்களில் குடிபுகும் தேனீக்களை அகற்றுதல்

பள்ளிச் சுவரின் வெடிப்பிலோ, மின்சார மீட்டர்ப் பெட்டியிலோ, தண்ணீர்த் தொட்டியின் அடிப்புறத்திலோ தேனீக்கள் கூடு கட்டிவிடின், தீவட்டியும் மண்ணெண்ணெயும் தேடப்படுவதே பல இடங்களில் வழக்கமாக இருந்து வருகிறது. இம்முறையால் தேனீக்கள் மடிவது உண்மையே. ஆயினும் தொல்லை தீர்வதில்லை. சில வேளைகளில் பெருகவும் செய்கிறது. இஃது எங்ஙனம் நிகழ்கிறது என்பதையும், எவ்வினத் தேனீயை எம்முறையால் அகற்றுதல் தகும் என்பதையும் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம்.

முதற்கண், வந்திருப்பது எவ்வினம் எனத் தெளிதல் வேண்டும். கூடு இருக்கும் இடமும் அடைகளின் எண்ணிக்கையுமே இதற்குப் போதிய சான்றாகும். உயர்ந்த மாடியின் விளிம்பிலோ பாலத்தின் அடியிலோ வெட்டவெளியில் ஒரே பெரிய அடை தொங்குமாயின் அது மலைத்தேனீ. அதன் அடை ஒரு மீட்டர் அகலமும் அடைவதுண்டு. சன்னற் கம்பியிலோ செடியிலோ உள்ளங்கையளவான ஒற்றை அடை காணப்படின் அது கொம்புத்தேனீ. இருண்ட பொந்தினுள் பல அடைகள் இணையாகத் தொங்குமாயின் அது பெரும்பாலும் இந்தியத் தேனீ. அடுக்குத்தேனீ என்றும் பொந்துத்தேனீ என்றும் வழங்குவது இதுவே. 1962-ஆம் ஆண்டில் நக்ரோட்டாவில் இத்தாலியத் தேனீ வெற்றியுடன் குடியேற்றப்பட்டமையால், வட மாநிலங்களில் அதுவும் பொந்துகளில் காணப்படலாம். சுவரிலிருந்து பிசினாலான சிறு குழல் நீட்டியிருப்பின் அது கொசுத்தேனீயின் வாயிலாகும். அதற்குக் கொட்டும் ஆற்றல் இல்லை. அதனை அகற்றவும் வேண்டுவதில்லை.

கிளையிலோ தூணிலோ அடை ஏதுமின்றித் தேனீக்கள் கொத்தாகத் திரண்டிருப்பின் அது கூடு அன்று. புதிய இருப்பிடம் தேடிச் செல்லும் கூட்டம். வயிறு நிறையத் தேன் உண்டு புறப்பட்ட அக்கூட்டத்திற்குக் காக்க வேண்டிய புழுவும் இல்லை, சேமிப்பும் இல்லை. ஆதலால் அது எளிதில் சீறுவதில்லை. பெரும்பாலும் சில மணி நேரத்திலோ ஓரிரு நாட்களிலோ தானே அகன்றுவிடும். சிறுவர் கல்லெறியாதவாறு காத்தலே ஆசிரியரின் கடமை. பெட்டியில் பிடித்திட வல்லவர் அருகில் இருப்பாராயின் அவருக்கு இதனினும் எளிய தருணம் வாய்ப்பதரிது.

சுவரினுள் நிலைபெற்ற கூட்டின் நிலை வேறு. புழுக்கள் வளரும் அடைப்பகுதியைத் தேனீக்கள் ஏறக்குறைய 35 சென்டிகிரேட் வெப்பத்தில் வைத்துக் காக்கின்றன. கோடையில் சுவர் கொதிக்கும்போது வேலைக்காரத் தேனீக்கள் நீரைக் கொணர்ந்து தெளித்துச் சிறகசைத்துக் காற்றோட்டம் உண்டாக்குகின்றன. இவ்வேலைக்காரரை நஞ்சிட்டுக் கொன்றால் அடையைக் குளிர்விப்போர் எவரும் இலர். மெழுகு உருகுவதற்கு 60 பாகைக்கு மேல் வெப்பம் தேவையெனினும், அதற்கு வெகுமுன்னரே இளகித் தேனின் பாரம் தாங்காது அடை சரிந்துவிடும். தேன் சுவர் வழியே கசியும். புழுக்கள் அழுகி நாறும். எறும்பும் மெழுகு அந்துப்பூச்சியும் வந்து சேரும். அயற்கூட்டுத் தேனீக்கள் அந்நஞ்சு கலந்த தேனைக் கவர்ந்து சென்று தாமும் மடியும். மெழுகின் வாசனை தங்கிய அப்பொந்தினை அடுத்த பருவத்தில் மற்றொரு கூட்டம் நாடி வருதலும் இயல்பே. அலுவலகக் குறிப்புகளில் ‘அழித்தல்’, ‘அகற்றல்’ என்னும் இரு சொற்களும் ஒருபொருட் சொற்களாக ஆளப்படுவதுண்டு. இவ்விடத்தில் அவற்றின் வேறுபாடு சிறிதன்று.

அகற்றும் பணிக்கு மலர்கள் மிக்க பருவமும் மாலை வேளையும் ஏற்றவை. மீட்டர்ப் பெட்டியாயின், மின்வாரியப் பணியாளர் இணைப்பைத் துண்டிக்கும் வரை எவரும் கை வைத்தலாகாது. பயிற்சியுள்ளவர் முகவலை அணிந்து சிறிதளவு புகையூட்டி, பலகையையோ செங்கல்லையோ பெயர்த்து அடைகளை வெளிப்படுத்துவர். புழு அடைகளைக் கத்தியால் அறுத்து, சட்டத்தின் அளவுக்கு நறுக்கி, வாழைநாரால் கட்டிப் பெட்டியில் தொங்கவிடுதல் வேண்டும். அடை முன்னர் இருந்த மேல்கீழ் நிலை மாறலாகாது. இதற்கு நியூட்டன் பெட்டி பொருந்தும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாட்டில் பணியாற்றிய நியூட்டன் பாதிரியார் இந்தியத் தேனீயின் உருவளவுக்கென வகுத்தது அது. தேன் அடைகளைப் பெட்டியில் வைத்தலாகாது. அவை ஒழுகினால் எறும்பு வரும்; எறும்பு வந்தால் இந்தியத் தேனீ இடத்தைத் துறந்து ஓடிவிடும்.

இராணித் தேனீ கிடைத்துப் பெட்டியினுள் சேர்ந்துவிட்டால் ஏனையவை தாமே பின்தொடரும். பெட்டியின் வாயில் பழைய துளையருகே இருக்குமாறு இரவு வரை வைத்திருந்து, வெளியே சென்ற தேனீக்களும் திரும்பிய பின்னர் மூடி எடுத்துச் செல்லுதல் வேண்டும். புதிய இடம் குறைந்தது மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருத்தல் நன்று. அருகில் வைப்பின் மறுநாளே பல தேனீக்கள் பழைய சுவரையே நாடிச் செல்லும். சில நாட்களுக்கு வாயிலில் இராணித் தடுப்பு இட்டுச் சர்க்கரைப் பாகு அளித்தால் கூட்டம் நிலைக்கும். இப்பெட்டியைப் பிற பெட்டிகளோடு உடனே சேர்த்தல் தகாது. 1991-92-இல் கேரளத்தில் பரவிய தாய் சாக்புரூட் என்னும் நச்சுயிரி நோய், அங்கு வளர்க்கப்பட்ட இந்தியத் தேனீக் குடும்பங்களின் பெரும்பகுதியை அழித்தது. புழுக்கள் நீர் நிறைந்த பைபோல் மடிந்து கிடக்கின்றனவா என நோக்குக.

சுவரை இடிக்க இயலாத பழங்கட்டடங்களில், துளையின்மேல் கூம்பு வடிவக் கம்பிவலை பொருத்துவதுண்டு. வெளிவரும் தேனீ திரும்பிச் செல்ல வழியறியாது, அருகில் வைத்த புழு அடையுள்ள பெட்டியில் சேரும். இதற்குப் பல வாரப் பொறுமை வேண்டும். இராணி பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும். எம்முறையாயினும், பொந்தைச் சுரண்டிச் சாந்தால் அடைத்துச் சுண்ணாம்பு பூசினாலன்றிப் பணி முடிந்ததாகாது. பென்சில் நுழையும் அளவுள்ள துளையே தேனீக்கு வாயிலாகப் போதுமானது.

மலைத்தேனீக்கு இம்முறைகள் எவையும் பயன்படா. வெளிச்சத்தில் வாழும் அது பெட்டியினுள் தங்குவதில்லை. ஆனால் அது நிலையாக ஓரிடத்தில் இருப்பதன்று; சில மாதங்கள் தங்கிப் பூக்கள் குன்றியதும் கூட்டத்தோடு வேற்றிடம் பெயர்ந்துவிடும். ஆகவே கூட்டின் கீழுள்ள வழியை மூடி, மாணவரை வேறு வாயிலால் செலுத்திக் காத்திருத்தலே சிறந்தது. பட்டாசும், புகையும், பருந்து கூட்டில் மோதுதலும் அதனைச் சினங்கொள்ளச் செய்யும். காத்திருக்க இயலாத மருத்துவமனை போன்ற இடங்களில், அனுபவமுள்ளவரைக் கொண்டு ஆட்களை முற்றும் வெளியேற்றிய பின்னரே பணியைத் தொடங்குதல் வேண்டும். தேனீக்கள் பெயர்ந்த பின் வெற்றடையை நீக்கி, விளிம்பின் அடியில் வலை கட்டிவிடலாம்.

கொட்டிய கொடுக்கு, நச்சுப்பையோடு தோலில் தங்கி மேலும் நஞ்சைச் செலுத்தும். அதிலிருந்து எழும் வாழைப்பழ மணம் போன்ற வாசனை பிற தேனீக்களை அவ்விடத்திற்கே ஈர்க்கும். எனவே நின்று கைவீசுதல் ஆபத்து. முகத்தை மூடிக்கொண்டு ஓடி, கதவுள்ள அறைக்குள் புகுதல் வேண்டும். நீரில் மூழ்குவதால் பயனில்லை. தலை தூக்குமளவும் அவை மேலே சுற்றிக்கொண்டிருக்கக் கூடும். கொடுக்கை எவ்வாறு எடுப்பது என ஆராய்வதைவிட உடனே எடுப்பதே முக்கியம்; நகத்தால் வழித்தாலும் போதும். ஒரே கொட்டினால் மூச்சுத்திணறலோ, முகவீக்கமோ, மயக்கமோ தோன்றினால் ஒரு நிமிடமும் தாழ்த்தாது மருத்துவமனை சேர்த்தல் வேண்டும். பல கொட்டுகள் பெற்றவர் தெளிவாக நடமாடினும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாகாது. நஞ்சினால் தசைகள் சிதைந்து சிறுநீரகம் பழுதுறுதல் பின்னரே வெளிப்படக்கூடும்; குழந்தைகளாயின் இவ்வெச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும்.