தரைதட்டுவதற்கென்றே ஒரு கப்பல்

ஒன்பதாம் வகுப்பில் ‘பாய்மங்கள்’ பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கப்பல் தரைதட்டினால் ஆபத்து என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு மாணவி எழுந்தாள். “கோவளத்துல எங்க மாமா படகு தினமும் மணல்லதான் வந்து நிக்குது மிஸ். உடையலையே?” வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கேட்டதில் நியாயம் இருந்தது.

தாம்பரம், சேலையூர் பிள்ளைகளுக்குக் கடல் என்பது விடுமுறை நாள் பயணம்தான். ஆனால் அவள் கேள்விக்கு விடை தேடியபோது, பாய்மங்கள் பாடம் முழுவதையும் ஒரே கப்பலை வைத்து நடத்தலாம் என்று தெரிந்தது. அதன் பெயர் ‘ஐ.என்.எஸ். சீட்டா’. இந்தியக் கடற்படையின் கரையேறும் கப்பல்.

மூன்று கப்பல்கள்

சீட்டா, குல்தார், கும்பீர் ஆகிய மூன்றும் போலந்து நாட்டின் கிதினியா கப்பல் தளத்தில் கட்டப்பட்டு, 1984, 1985, 1986 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து நம் கடற்படையில் சேர்ந்தவை. சீட்டா தொடக்க காலத்தில் சிறிது காலம் கொச்சியிலும் நம் சென்னையிலும் இருந்தது. பின்னர் மூன்றும் அந்தமானுக்குச் சென்றன. இலங்கைக்குச் சென்ற இந்திய அமைதிப் படைக்கும், 1990இல் தொடங்கிய ‘ஆபரேஷன் தாஷா’ கடல் கண்காணிப்புக்கும் இவை உழைத்தன. ‘கும்பீர்’ என்றால் முதலை. நீரிலும் நிலத்திலும் வேலை செய்யும் கப்பலுக்குப் பொருத்தமான பெயர்.

அமைப்பின் ரகசியம்

சாதாரணக் கப்பலின் அடிப்பகுதி நீரைக் கிழித்துச் செல்ல வசதியாக ஆழமாக இருக்கும். அது மணலில் ஏறினால் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். கரையேறும் கப்பலின் அடி தட்டையானது. எடை பரந்த பரப்பில் விழுவதால் மணல் மீது பெறும் அழுத்தம் குறைகிறது.

இரண்டாவது, முன்பக்கம் மேலேறி இருக்கும். சுமார் 84 மீட்டர் நீளமுள்ள இக்கப்பல்களின் முன்முனை நீருக்குள் ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டரும், பின்முனை இரண்டரை மீட்டரும் அமிழ்ந்திருக்கும். கடற்கரைச் சரிவும் இப்படித்தான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். முகப்புக் கதவு திறந்து சாய்தளம் இறங்கியதும் வீரர்களும் வாகனங்களும் நேராகக் கரைக்குப் போகலாம்.

மூன்றாவது, திரும்பி வரும் வழி. கரையை நெருங்கும்போதே பின்பக்க நங்கூரத்தைக் கடலில் போட்டுவிடுவார்கள். வேலை முடிந்ததும் அந்தக் கம்பிவடத்தைச் சுருட்டினால் கப்பல் பின்னால் இழுபடும். சுமை இறங்கியதால் கப்பல் தானாகவே சற்று உயர்ந்தும் இருக்கும். ஆர்க்கிமிடிஸ் தத்துவம் இங்கே கண்முன் நடக்கிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. தட்டையான அடி கொண்ட கப்பல் ஆழ்கடலில் அதிகம் ஆடும். வேகமும் குறைவு. எல்லாவற்றிலும் சிறந்த வடிவம் என்று ஒன்று இல்லை. வேலைக்கு ஏற்ற வடிவமே உண்டு. கோவளத்து மீனவரின் கட்டுமரமும், துறைமுகம் வருமுன் சென்னையில் அலைகளைத் தாண்டிப் பயணிகளைக் கரை சேர்த்த மசூலாப் படகும் இதே பாடத்தைத்தான் சொல்கின்றன.

நாற்பது ஆண்டுக் கணக்கு

மூன்று கப்பல்களும் 2024 ஜனவரி 12 அன்று போர்ட் பிளேரில் ஒரே நாளில் ஓய்வு பெற்றன. அதுவரை மூன்றும் சேர்ந்து 12,300 நாட்களுக்கு மேல் கடலில் இருந்தன. சுமார் 17 லட்சம் கடல் மைல் பயணம் செய்தன. 1,300 முறைக்கு மேல் கரையேறின. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர் என்று கொடுத்து, இது பூமியை எத்தனை முறை சுற்றுவதற்குச் சமம் என்று கேளுங்கள். ஏறத்தாழ 78 முறை என்று விடை வரும்.

ஆனால் என் வகுப்பை அமைதியாக்கியது இந்த எண் அல்ல. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நிக்கோபார் தீவுகளின் படகுத்துறைகளை உடைத்துப் போட்டது. துறை இல்லாமல் பெரிய கப்பல் எப்படி அரிசியும் மருந்தும் இறக்கும்? அந்த மீட்புப் பணியில் இந்த மூன்று கப்பல்களும் இருந்தன. போருக்காக வரையப்பட்ட தட்டை அடி, பசித்தவரிடம் சோறு கொண்டுபோகவும் உதவியது. இன்று நம் முன் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் அனைவரும் அதற்குப் பின் பிறந்தவர்கள். அவர்களுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

வகுப்பறையில் செய்து பார்க்க

அகலமான தட்டு ஒன்றில் ஒரு பக்கம் மணலைச் சரிவாகப் பரப்பி நீர் ஊற்றுங்கள். தட்டை அடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், முன்முனை சற்று உயரும்படி நாணயங்களைப் பின்பக்கம் கொஞ்சம் கூடுதலாகவும் நடுவில் சிலவும் வையுங்கள். பின்னால் நூல் கட்டி, மறுமுனையில் கல்லைக் கட்டுங்கள். டப்பாவை மணலில் ஏற்றுங்கள். பிறகு நடுவில் உள்ள நாணயங்களை ஒவ்வொன்றாக எடுத்து, நூலை மெல்ல இழுக்கச் சொல்லுங்கள். அடுத்து வட்ட அடியுள்ள கிண்ணத்தை வைத்து அதையே செய்யச் சொல்லுங்கள். வேறுபாட்டை அவர்களே சொல்வார்கள்.

எங்கள் வகுப்பில் நூலை இழுத்தது அந்த மாணவிதான். டப்பா மிதந்ததும், “மாமா படகும் மீனை இறக்கினதும் இப்படித்தான் மிஸ் லேசாகும்” என்றாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.