ஸ்பானிய மொழிக்கு ஆங்கில வழியாகத்தான் செல்ல வேண்டுமா?

புதிய மொழியொன்றைக் கற்க முற்படும் எம்மவர்கள் முதலில் தேடுவது ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கைநூலையே. இருபது நாடுகளில் அரச கரும மொழியாகவும் ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு உத்தியோகபூர்வ மொழிகளுள் ஒன்றாகவும் விளங்கும் ஸ்பானிய மொழியின் விடயத்திலும் இதுவே நிகழ்கிறது. அத்தகைய நூல்களில் வினைத் திரிபு அட்டவணைகளைக் கண்டு மிரண்டு, இரண்டாம் வாரத்திலேயே நூலை மூடி வைத்துவிடுவோர் பலர். குறை மாணவரிடத்தில் இல்லை. அவர் சுற்றுவழியில் அனுப்பப்பட்டதே குறை என்பது எமது கருத்தாகும்.

பாடசாலைக் காலத்தில் ஆங்கில இலக்கண விதிகளை ஒப்புவித்து நல்ல புள்ளிகளைப் பெற்ற எமது தலைமுறையினர், பின்னர் ஆங்கிலேயர் ஒருவர் எதிரில் வந்து வழி கேட்டபோது வாயடைத்து நின்றதை நாம் மறந்துவிடவில்லை. பேச்சிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இலக்கணம் அவ்வளவுதான் உதவும். 1492 ஆம் ஆண்டு சலமன்கா நகரில் முதலாவது ஸ்பானிய இலக்கண நூலை வெளியிட்ட அந்தோனியோ தே நெப்ரிஹா, அதன் ஐந்தாம் பகுதியைப் பிறமொழியாளர் கற்பதற்கென்றே ஒதுக்கியிருந்தார். அந்நியரின் தேவை வேறு என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார் எனலாம்.

ஸ்பானிய நாடொன்றின் மருந்துக் கடைக்குள் தலைவலியோடு நுழையும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் கூற வேண்டியது, ‘மே துவேலே லா கபேசா’. ‘மே’ என்றால் எனக்கு. ‘துவேலே’ என்றால் வலிக்கிறது. ‘லா கபேசா’ என்றால் தலை. ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்னும் எமது வாக்கியமே இது. ‘என்னுடைய தலை’ என்று தமிழரும் கூறுவதில்லை, ஸ்பானியரும் கூறுவதில்லை. வலிப்பவை கால்களாயின் ‘மே துவேலென் லாஸ் பியெர்னாஸ்’ என்று வினை பன்மையாகிறது. நாமும் ‘வலிக்கின்றன’ என்றே எழுதுகிறோம். ‘மே குஸ்தா எல் கஃபே’ என்பது ‘எனக்குக் கோப்பி பிடிக்கும்’ என்பதாகும். ஆங்கில நூல்கள் ‘நான் கோப்பியை விரும்புகிறேன்’ என்பதிலிருந்து தொடங்கி, எழுவாயைத் தலைகீழாக்கிப் பல பக்கங்களில் விளக்கும் இந்த அமைப்பு தமிழருக்குத் தாய்ப்பாலோடு வந்தது.

எழுவாயைக் கூறாமல் விடுவதும் அவ்வாறே. ‘ஆப்லோ’ என்றாலே பேசுகிறேன். ‘ஆப்லாமோஸ்’ என்றால் பேசுகிறோம். விகுதியே ஆளைக் காட்டிவிடுவதால் நான், நாம் என்பன தேவையில்லை.

‘எனக்கு இரண்டு பிள்ளைகள்’, ‘எனக்கு இருபது வயது’, ‘எனக்குப் பசி’ ஆகிய மூன்றும் ஸ்பானிய மொழியில் ‘தெங்கோ’ என்ற ஒரே வினையால் அமைகின்றன. ‘தெங்கோ’ என்பதன் நேர்ப் பொருள் ‘கொண்டிருக்கிறேன்’ என்பதாகும். ‘எனக்கு’ என்பதன் பின் பெயர்ச்சொல் வந்தால் ‘தெங்கோ’, வினைச்சொல் வந்தால் ‘மே’ என ஆரம்பத்தில் கொள்ளலாம். ‘பசிக்கிறது’ என்று வினையாக்கிவிட்டால் இவ்விதி பிசகும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கற்போரை அதிகம் வாட்டுவது ‘சேர்’, ‘எஸ்தார்’ என்னும் இரு வினைகளாகும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழிலோ ‘அவர் ஆசிரியர்’ என்பதில் வினையே இல்லை. ‘அவர் வீட்டில் இருக்கிறார்’ என்பதில் உண்டு. முன்னையது சேர், பின்னையது எஸ்தார். விருந்து எங்கே என்று கேட்டால், ‘இருக்கிறது’ எனாமல் ‘விருந்து வீட்டில்’ என்கிறோம். ஸ்பானியரும் நிகழ்ச்சியின் இடத்தைக் கூறுகையில் சேர் வினையையே ஆள்கின்றனர். ஆயினும் ‘உயரமாக இருக்கிறார்’ என்பதை அப்படியே எஸ்தாரில் கூறுவது பொருந்தாது. ‘உயரமானவர்’ என மாற்றிக்கொண்டு சேர் வினைக்குச் செல்ல வேண்டும். ஆப்பிள் ‘எஸ் வேர்தே’ என்றால் அதன் நிறம் பச்சை. ‘எஸ்தா வேர்தே’ என்றால் அது இன்னும் பழுக்கவில்லை. சந்தையில் இந்த வேறுபாடு காசுக்கு உரியது.

மரியாதை விடயத்தில் ‘தூ’ என்பது நீ, ‘உஸ்தெத்’ என்பது நீங்கள். ‘உஸ்தெத்’ என்பது ‘உமது கருணை’ எனப் பொருள்படும் பழைய விளிப்பிலிருந்து மருவியதாதலால் படர்க்கை வினையையே ஏற்கும். கடைக்காரரிடம் ‘தியேனே பான்?’ என்று கேட்டால் போதும். வினையிலேயே மரியாதை அடங்கிவிடுகிறது. ஆர்ஜென்டீனாவில் ‘தூ’ என்பதற்குப் பதிலாக ‘வோஸ்’ வழங்குகிறது. கொலம்பியாவின் சில பகுதிகளிலோ குடும்பத்தினரிடையேகூட ‘உஸ்தெத்’ கேட்கலாம். எங்கே பேசப்போகிறோம் என்பதை அறிந்து பழகுவது நன்று.

அந்தப் ‘பான்’ வேறொன்றுமில்லை, நாம் காலையில் உண்ணும் பாண்தான். போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள் அவர்களது அயல் மொழியிலும் உள்ளன. மேசை ‘மேசா’, சப்பாத்து ‘சபாத்தோ’, அலுமாரி ‘அர்மாரியோ’. ஆனால் உயிரற்ற பொருளுக்கும் அங்கே பால் உண்டு. மேசை பெண்பால், பாணும் சப்பாத்தும் அலுமாரியும் ஆண்பால். திணை பகுத்துப் பழகிய எமக்கு இது விநோதமே. ‘லா மேசா’, ‘எல் பான்’ என முன்னொட்டோடு சேர்த்தே சொல்லிப் பழகுவதைத் தவிர வேறு உபாயமில்லை.

உரையாடல் வழிக் கல்வி என்பது சுற்றுலாக் கையேட்டு வாக்கியங்களைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்புவிப்பதன்று. ஒரு வாக்கியத்தை எடுத்து, ஒரு சொல்லை மட்டும் மாற்ற வேண்டும். தலைக்குப் பதில் பல், எனக்குப் பதில் ‘தே’ என்னும் உனக்கு. பத்து வாக்கியங்களில் விதி தானே புலப்படும். எல்லா விதிகளும் அவ்வாறு புலப்படுவதில்லை என்பதும் உண்மை. ‘ஃபுய்’ என்ற ஒரே வடிவம் ‘போனேன்’ என்றும் ‘இருந்தேன்’ என்றும் பொருள் தரும். ‘நீ வருவாய் என நம்புகிறேன்’ என்பதில் ‘வருவாய்’ என்பதற்கு ஸ்பானியர் தனியொரு வினை வடிவத்தை ஆள்கின்றனர். அதற்கு இணையானது தமிழில் இல்லை, ஆங்கிலத்திலும் பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தவர் மூடி வைத்த அட்டவணையைத் திறந்தேயாக வேண்டும்.