வீட்டில் முருகை வளர்த்தல்

நெடுந்தீவிலே காணிகளைச் சூழ அடுக்கப்பட்டுள்ள வேலிகளைக் காண்போர் முருகையைக் கல்லென்பர். அணிகலனிற் பதித்த பவளத்தைக் காண்போர் அதனை மணியென்பர். இவையிரண்டும் உயிர் நீங்கியபின் எஞ்சிய கூடுகளேயாம். அக்கூடுகளை ஆக்கியவை சிறு விலங்குகள். அவற்றைக் கண்ணாடித் தொட்டியில் உயிரோடு பேணும் முயற்சி இன்று பல நாடுகளில் இல்லங்களிலும் நடைபெறுகின்றது. இதனைத் தொடங்குவோர் முதற்கண் உணரற்பாலது ஒன்றுண்டு. முருகை வளர்ப்பவர் முதலில் வளர்ப்பது முருகையை அன்று. அது வாழ்தற்கேற்ற நீரையே.

முருகையின் உடல் ஒரு சிறு பை போன்றது. அதன் வாயைச் சுற்றிப் பரிசக்கொம்புகள் உள. கன்முருகைகள் நீரிலுள்ள கல்சியத்தைக் கொண்டு கல்சியங் காபனேற்றாலாகிய கூட்டை அமைக்கின்றன. வெப்பக் கடல்களின் ஆழமற்ற பகுதிகளிற் பாறை அமைக்கும் முருகைகளின் இழையங்களுள்ளே ஒருகல அல்காக்கள் வாழ்கின்றன. அவை ஒளித்தொகுப்பால் ஆக்கும் உணவின் பெரும்பகுதி முருகைக்குப் பயன்படுகின்றது. ஆதலால் ஒளி குன்றின் முருகை மெலியும். இடம்விட்டுப் பெயராத இவ்வுயிருக்கு ஒட்சிசனையும் இரையையும் கொணர்வதும், கழிவை அகற்றுவதும் நீரோட்டமே.

அன்னா தைன் எனும் ஆங்கிலப் பெண்மணி 1846 ஆம் ஆண்டில் தென் இங்கிலாந்தின் கடற்கரையிற் பெற்ற முருகைகளை இலண்டனிலுள்ள தம் இல்லத்துக்குக் கொண்டு சென்றார். அங்கே புதிய கடல்நீர் பெறுதல் அரிதாகலின், திறந்த பலகணியின் முன்னே நீரை ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்துக்கு மாறி மாறி ஊற்றுவித்து, அதிற் காற்றுக் கலக்கச் செய்தார். பின்னர்க் கடற்றாவரங்களையும் இட்டார். முருகைகள் வாழ்ந்தன. 1961 இல் இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பார், கடலிலிருந்து உயிரினங்களோடு எடுத்த பாறைத் துண்டுகள், சூரியவொளி, காற்றுக்குமிழிகள் ஆகியவற்றால் தொட்டியைப் பேணும் முறையை எழுதி வெளியிட்டார். அப்பாறைகளின் சிறப்பு அவற்றின் நுண்டுளைகளில் வாழும் பற்றீரியாக்களாலாயது.

தொட்டியிற் சேரும் கழிவுகளிலிருந்து அமோனியா தோன்றும், அது நஞ்சு. ஒருவகைப் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், வேறொருவகையின நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. பாறையின் உள்ளே, ஒட்சிசன் அருகிய இடங்களில் வாழ்வன நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக மாற்றி வெளியேற்றும். இப்பற்றீரியாக்கள் பெருகுதற்குப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். சோதனையில் அமோனியாவும் நைத்திரைற்றும் காணப்படாதொழியும்வரை தொட்டியில் முருகையை இடலாகாது. தொடங்குவோர் பலர் தோல்வியுறுவது இக்காத்திருப்பைப் பொறாமையினாலேயே.

நீரை ஆக்குதலிலும் கவனம் வேண்டும். கடல்நீரில் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் உள. சமையலுப்பு பெரும்பாலும் சோடியங் குளோரைட்டேயாதலின் அது போதாது. கல்சியம், மகனீசியம் முதலியனவும் அடங்கிய கடலுப்புக் கலவையே தக்கது. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்துள்ளமையால், அந்நீரைச் சுத்திகரியாது பயன்படுத்தலாகாது. வெப்பநிலை 25 அல்லது 26 சதம பாகையளவில் நிற்றல் நன்று. நீர் ஆவியாகும்போது உப்புத் தொட்டியிலேயே தங்கிவிடும். ஆதலால் குறைந்த அளவை நன்னீரால் நிரப்ப வேண்டுமேயன்றி உப்புநீரால் நிரப்பலாகாது. சிறு தொட்டியில் இம்மாற்றங்கள் விரைந்து நிகழும். பெருந்தொட்டி பிழையைப் பொறுக்கும். எனவே தொடங்குவோர்க்கு 200 இலீற்றர் அளவினது ஏற்றது.

முதலில் இடத்தக்கவை தோன்முருகை, காளான்முருகை முதலிய மென்மையினங்கள். கிளைவிடும் கன்முருகைகள் நீரின் சிறு மாறுதலையும் பொறாதனவாகலின், அவற்றைப் பழகியபின் வளர்த்தலே முறை. முருகையோடு உறவுடைய சோவாந்திட்டு இனங்கள் சிலவற்றிற் பலிற்றொட்சின் எனும் கொடிய நஞ்சுண்டு. அவற்றைக் கையுறையின்றித் தொடுதலும், அவை பற்றிய பாறையைக் கொதிநீரிலிடுதலும் உயிருக்கே கேடாகலாம்.

இவற்றை எங்கிருந்து பெறுவது? கடலில் உடைத்தெடுத்தல் தகாது. இலங்கையிற் கன்முருகைகள் சட்டத்தாற் காக்கப்பட்டவை. முருகையின் ஒரு துண்டே தனியுயிராக வளருமாதலால், தொட்டியில் வளர்ந்தவற்றிலிருந்து வெட்டிய துண்டுகளைப் பெறுதல் கூடும். பாறையையும் கடலிலிருந்து எடுக்க வேண்டுவதில்லை. உலர்ந்த பாறையில் பற்றீரியாக்களைச் சேர்த்து வளர்க்கலாம்.

1998 ஆம் ஆண்டில் இந்து சமுத்திரத்தின் நீர் வழமைக்கு மேல் வெப்பமுற்றபோது முருகைகள் தம்முள் வாழ்ந்த அல்காக்களை இழந்து வெளிறின; இக்கடுவையிலும் பெருந்தொகையாக இறந்தன. தொட்டியின் வெப்பநிலை ஓரிரு பாகை உயர்ந்தவுடன் முருகை சுருங்குவதைக் கண்ட மாணவனுக்கு அச்செய்தி வெறும் செய்தியாகாது. தொட்டி நீரை அவன் ஒரு நாளில் மாற்றிவிடலாம். கடல்நீரை மாற்ற வழியில்லை. இதனை உணர்த்துவதே இம்முயற்சியின் மேலான பயனாகும்.