ஊளையிடாத மாண்டலின்

மாண்டலின் மெல்லிய குரலுடைய கருவி. சபையின் முன்வரிசையிலுள்ளோர் கேட்டு மகிழும் அதன் நாதம், வீதித் திருவிழாவின் ஆரவாரத்திலே அமிழ்ந்துபோகும். ஒலிபெருக்கியைத் துணைக்கழைத்தால் வேறோர் இடர் தோன்றுகின்றது. பெருகிய ஒலி கருவியின் குடைவான வயிற்றை அதிரச் செய்கின்றது. அவ்வதிர்வை ஒலிவாங்கி மீண்டும் பற்றிக்கொள்கின்றது. இவ்வாறு சுழன்று சுழன்று இசை ஊளையாய் முடிகின்றது.

பிறேசில் நாட்டின் சல்வடோர் நகரில் இரு நண்பர்கள் 1940-களில் இவ்விடரைத் தீர்க்க முனைந்தனர். ஒருவர் வானொலித் தொழில் அறிந்த டோடோ. மற்றவர் உலோகப் பட்டறைத் தொழில் அறிந்த ஒஸ்மார். இருவரும் இசைக் கலைஞர்கள். வயிறு அதிர்வதால் ஊளை எழுமாயின் வயிறே வேண்டா எனத் துணிந்து, குடையாத மரக்கட்டையிலே தந்திகளைப் பூட்டினர். 'மின்கட்டை' எனப் பொருள்படப் பெயருமிட்டனர். 1950-ஆம் ஆண்டளவில், பழைய ஃபோர்ட் மோட்டார் வண்டியொன்றில் ஏறிக் களியாட்ட விழாவிலே வீதிவழியே வாசித்துச் சென்றனர். மாண்டலினைப் போலச் சுருதி கூட்டப்பெறும் அக்கருவி பின்னாளில் 'பாஹியா கித்தார்' எனப் புகழ் பெற்றது.

இத்தகைய கருவியைச் செய்வது எங்ஙனம் என நோக்குவோம். உடலுக்கும் தண்டிக்கும் நன்கு உலர்ந்த வன்மரம் வேண்டும். உருக்குத் தந்திகளின் கீழே காந்தமும், அதனைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பி பல்லாயிரம் சுற்றுக்களாகவும் அமையும். தந்தி அதிரும்போது காந்தப் புலம் மாறி, கம்பிச் சுருளில் மின்னோட்டம் பிறக்கின்றது. ஒலிபெருக்கிக்குச் செல்வது அதுவே.

மெட்டுக்களைப் பதிப்பது கணக்கு. தந்தியின் நீளத்தை 17.817 ஆல் வகுத்தால், தலைப்பக்கத்து மேட்டிலிருந்து முதல் மெட்டின் தூரம் வரும். எஞ்சிய நீளத்தை மீண்டும் அவ்வெண்ணால் வகுத்தால் அடுத்த மெட்டு. 350 மில்லிமீற்றர் நீளத்துக்கு முதல் மெட்டு 19.6 மில்லிமீற்றரிலும், பன்னிரண்டாவது சரிபாதியான 175 மில்லிமீற்றரிலும் அமையும்.

ஆயினும் கணக்கு மட்டும் போதாது. மெட்டிலே தந்தியை அழுத்துகையில் அது சிறிது நீண்டு விறைக்கின்றது, சுருதி ஏறுகின்றது. ஆகவே குதிரை, கணக்கிட்ட இடத்துக்குச் சற்றுப் பின்னே நிற்கவேண்டும். அத்தூரம் தந்திக்குத் தந்தி வேறுபடும். இங்கேதான் அரமும் பித்தளையும் வேண்டப்படுகின்றன. பித்தளைச் சட்டத்தை அறுத்து, ஒவ்வொரு தந்திக்கும் ஒரு சிறு கட்டை செய்து, துளையிட்டுப் புரி வெட்டித் திருகாணி பொருத்தினால், அது முன்னும் பின்னும் நகரும். பன்னிரண்டாம் மெட்டின்மேல் தந்தியை விரலால் மெல்லத் தொட்டு மீட்டுக. பின்னர் அழுத்தி மீட்டுக. அழுத்திய சுரம் ஏறி நின்றால் கட்டையைப் பின்னே நகர்த்துக. இறங்கி நின்றால் முன்னே நகர்த்துக.

வீணையின் நாகபாசத்தை ஒத்த தந்திப் பூட்டையும் உலோகத் தகட்டிலே செய்யலாம். ஒவ்வொரு தந்தியும் ஏறக்குறைய 20 இறாத்தல் விசையுடன் இழுப்பதால், அதன் ஆணிகள் ஆழப் பதிதல் வேண்டும். அப்பூட்டைச் சுருளின் புவித்தொடுப்புடன் கம்பியால் இணைத்தால் இரைச்சல் குறையும்.

குடையாத கட்டைக்கு மற்றொரு பயனும் உண்டு. தந்தியின் ஆற்றல் விரைந்து காற்றில் கலவாமையால் நாதம் நீண்டு நிற்கும். உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) கருநாடக இசைக்கு மின்மாண்டலினைக் கொணர்ந்தபோது, இரட்டைத் தந்திகளை நீக்கி ஒற்றைத் தந்திகள் ஐந்தை அமைத்துக்கொண்டார். நீண்ட நாதமும் ஒற்றைத் தந்தியும் இன்றேல் கமகம் குழைந்து வருதல் அரிது.

வானொலி அறிந்தவர் தனித்தோ, பட்டறை அறிந்தவர் தனித்தோ மின்கட்டையைப் படைத்திருத்தல் அரிது. நம் மாணவர் வகுத்தலையும் மின்காந்தத்தையும் ஏட்டிலே கற்கின்றனர். அவற்றுடன் ஓர் அரத்தையும் பிடிக்கக் கற்பாராயின், கடையிற் கிட்டாத கருவிக்கு ஏங்க வேண்டியதில்லை.