அடையாளம் பிழைத்த காவல்

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புனே நகரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் சில வாரங்களுக்குள் கில்லன் பாரே என்னும் நரம்பு நோய்க்கு ஆளாயினர். முதலில் கால்கள் வலுவிழந்தன. பின்னர் கைகள் தளர்ந்தன. சிலருக்கு மூச்சுத் தசைகளும் செயலிழந்தன. நோயுற்றோர் சிலரின் மலத்தில் கேம்பைலோபாக்டர் ஜெஜுனி என்னும் பாக்டீரியா காணப்பட்டது. மாசுற்ற நீர், நன்கு வேகாத கோழி இறைச்சி, காய்ச்சாத பால் ஆகியவற்றின் வழியே குடலை அடைந்து வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நுண்ணுயிர் இது. குடலில் தங்கும் கிருமி காலின் நரம்பை முடக்குவது எவ்வாறு?

இந்நோயை 1916ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படைவீரர் இருவரிடம் கண்டு கில்லன், பாரே, ஸ்ட்ரோல் ஆகிய மூவர் விவரித்தனர். மூளைத் தண்டுவடத் திரவத்தில் செல்கள் பெருகாமல் புரதம் மட்டும் மிகுந்திருந்ததை அவர்கள் குறித்தனர். மூவர் கண்ட நோய்க்கு இருவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆயினும் நோயின் காரணம் நெடுங்காலம் புலப்படவில்லை. அதற்குத் தக்க காரணமும் உண்டு. வயிற்றுப்போக்கு நின்று ஒன்று முதல் மூன்று வாரங்கள் கழிந்த பின்னரே கால்கள் தளரும். அதற்குள் கிருமி பெரும்பாலும் உடலைவிட்டு நீங்கியிருக்கும். குற்றவாளி அகன்ற பின் தடயம் தேடும் நிலையே ஆய்வாளர்க்கு வாய்த்தது.

1993ஆம் ஆண்டில் ஜப்பானிய மருத்துவர் நோபுஹிரோ யூகியும் அவர்தம் குழுவினரும் முடிச்சின் முதன்மையான இழையை அவிழ்த்தனர். நோயாளி ஒருவரிடமிருந்து பெற்ற கேம்பைலோபாக்டரின் மேலுறையை ஆராய்ந்தபோது, அதிலுள்ள சர்க்கரை அமைப்பு மனித நரம்புகளின் மேற்பரப்பில் காணப்படும் ஜிஎம்1 என்னும் கேங்லியோசைடை ஒத்திருந்தது. இதனை மூலக்கூறு ஒப்புமை என்பர். ஆள்மாறாட்டம் என்றாலும் பொருந்தும். உடலின் தடைகாப்பு மண்டலம் கிருமியை அழிப்பதற்காக எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. அவை கிருமியின் சர்க்கரையையும் நரம்பின் சர்க்கரையையும் வேறுபடுத்தி அறிவதில்லை. எனவே இயக்க நரம்புகளில் ஒட்டிக்கொண்டு அழற்சியைத் தூண்டுகின்றன. வேலியே பயிரை மேய்ந்த நிலை அது.

ஒப்புமை மட்டும் சான்றாகிவிடாது. 2004ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வில், இப்பாக்டீரியாவின் மேலுறைப் பொருளை முயல்களுக்குச் செலுத்தியபோது அவற்றின் கால்களும் தளர்ந்தன. வட சீனச் சிற்றூர்களில் கோடைதோறும் சிறுவர்களைத் தாக்கிய பக்கவாதமும் இக்கருத்துக்கு வலுவூட்டியது. அங்கு மயலின் உறை பெரும்பாலும் சிதையாதிருக்க, ஆக்சானே நேரடியாகத் தாக்கப்பட்டிருந்தது. தொண்டைப்புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுக்குப் பின் சில சிறார்க்குக் கைகால்கள் தாமே துள்ளும் சிடன்ஹாம் கொரியா என்னும் நோயும் இவ்வகையினதாகவே கருதப்படுகிறது.

இப்பாக்டீரியாவின் தொற்றுக்கு ஆளாவோரில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவர்க்கே நரம்பு நோய் வருகிறது. எல்லா வகைக் கேம்பைலோபாக்டரும் அச்சர்க்கரையை அணிவதில்லை. ஆனால் அணியும் வகையே தொற்றியபோதும் பெரும்பாலோர் தப்பிவிடுகின்றனர். ஏனென்பது இன்னும் தெளிவாகவில்லை. நோயுற்றோர்க்கு இரத்தப் பிளாஸ்மாவை மாற்றி எதிர்ப்பொருள்களை அகற்றுவர். அல்லது கொடையாளர் பலரிடமிருந்து திரட்டிய இம்யூனோகுளோபுலினை நரம்பு வழியன்றிச் சிரை வழியே செலுத்துவர். மூச்சுத் தசைகள் மீளும்வரை செயற்கைச் சுவாசக் கருவி தாங்குமாயின், பெரும்பாலோர் சில மாதங்களில் மீண்டும் நடக்கின்றனர்.